2783-ஐ 2684 வென்ற கணக்கு

"99 பாயின்ட் கூடின ஆளு எப்பிடி மக்ளே தோத்தான்?" என்று கேட்டார் மாமா. நாகர்கோவில் வடசேரியில் டீக்கடை பெஞ்சு. பேச்சு 2022 ஆகஸ்ட் 6-க்குப் போயிருந்தது: மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், எட்டாவது சுற்று. 16 வயது குகேஷ் கறுப்புக் காய்களோடு அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவைச் சாய்த்த ஆட்டம். குகேஷின் ரேட்டிங் 2684, கருவானாவுக்கு 2783.

ரேட்டிங் என்பது இதுவரை ஆடிய ஆட்டங்களின் கணக்கு, அவ்வளவுதான் மாமா என்றேன். ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை. உலக செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. 99 வித்தியாசம் இருந்தால், 100 ஆட்டத்தில் குறைந்தவர் 36 புள்ளி எடுப்பார் என்கிறது அதன் அட்டவணை. 400 வித்தியாசத்தில்கூட அவருக்கு 8 உண்டு. கருவானா ஜெயித்தே தீருவார் என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வளர்கிற பையனுக்குப் போன வருஷம் தைத்த பேன்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கும். இளம் ஆட்டக்காரரின் ரேட்டிங்கும் அப்படித்தான். எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கித்தான் ரேட்டிங்கை மாற்றுவார்கள். ஆட வந்த புதிதில் சிறுவர்களுக்கு அது 40. ரேட்டிங் சட்டென்று ஏறும், இறங்கும். 2400-ஐ ஒருமுறை தொட்டுவிட்டால் 10, பிறகு மாறாது. 30 வயது கருவானாவுக்கும் 10, 16 வயது குகேஷுக்கும் அதே 10. போதாக்குறைக்கு, கொரோனாவால் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போட்டிகளே அதற்கு முன் குறைந்து போயிருந்தன.

டீ கிளாஸை ஒதுக்கிவிட்டு, பஜ்ஜி மடித்த பேப்பரில் எழுதிக் காட்டினேன். எடுத்தது 1. எதிர்பார்த்தது 0.36. மிச்சம் 0.64. பத்தால் பெருக்கினால் 6.4. கருவானாவையே ஜெயித்தும் ஏறுவது இவ்வளவுதான்! அந்தப் பையனோ அன்றோடு எட்டு ஆட்டத்தில் எட்டும் ஜெயித்திருந்தான். அந்த ஓட்டத்துக்கு எண் எப்படி ஈடுகொடுக்கும்? அவனுடைய இந்தியா 'பி' அணி, தரவரிசையில் முதலில் நின்ற அமெரிக்காவை அன்று 3-1 என்று வென்றது.

"அப்போ இனி அவன்தான் ஜெயிப்பான்னு வச்சுக்கிடலாமா?"

"முடியாது மாமா. ரெண்டே நாள், பத்தாவது சுற்று. எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவ். ரெண்டு பேர் ரேட்டிங்கும் ஏறக்குறைய ஒண்ணு. குகேஷ் ஜெயிக்கிற நிலையிலதான் இருந்தான். ஒரு தப்பான நகர்த்தல், ஆட்டமே போச்சு. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம்ம 'பி' அணிக்கு வெண்கலம்."