பேஞ்சோவும் 'மற்றும் உறுமி'யும்!

நோட்டீஸ் போர்டு போஸ்டரைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளா நீங்க? நான் படிக்கலை. இத்தனைக்கும் அதை டைப் பண்ணினதே நான்தான்!

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒரு ஃப்யூஷன் ஐட்டம். கிடார், கீபோர்டு பசங்க பேரெல்லாம் கொட்டை எழுத்துல. ராஜபாளையத்துல இருந்து வந்து வாசிச்ச அண்ணனுக்கு மட்டும் 'மற்றும் உறுமி'. புரோகிராம் முடிஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போது அண்ணன் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு: "ஏன் தம்பி, உறுமி தானாவா உறுமுச்சு?"

சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா, இதே கதை பெரிய அளவுல பேஞ்சோவுக்கும் நடந்திருக்கு.

பேஞ்சோன்னா அமெரிக்க வெள்ளைக்காரர் வாத்தியம்னுதானே நினைக்கிறோம்? அதோட வேர் மேற்கு ஆப்பிரிக்கா பாஸ்! செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கிற அகோண்டிங், அதுக்கு நெருங்கிய சொந்தம். சுரைக்குடுவை, மேலே இழுத்துக் கட்டிய தோல், நீளக் கம்பு, மூணு தந்தி... அவ்வளவுதான். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் மனசுல இருந்ததை வெச்சு உருவாக்கியதுதான் பேஞ்சோ. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பர்களைக் கிண்டலடித்தபடி அதை மேடையில் வாசித்தார்கள். வாத்தியம் சூப்பர் ஹிட். உருவாக்கினவங்க பேர்? காணோம்!

இரவல் வாங்குறது தப்பே இல்லை. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எட்டயபுரத்துல சமஸ்தான வித்வானா இருந்த பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), சென்னையில ஓர் ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டுத்தான் அதைக் கர்னாடக சங்கீதத்துக்குள்ள கொண்டுவந்தார். இன்னிக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

கொடுத்தவங்களை மறக்கிறதுதான் தப்பு. அமெரிக்க பேஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக் அதை மறக்கலை. பேஞ்சோவைத் தூக்கிக்கிட்டு உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலின்னு போய் அந்த ஊர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிச்சார். 2008-ல அது படமாவே வந்துச்சு. ஜாகிர் உசேன், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா, எட்கர் மேயரோடு அவர் செய்த ஆல்பத்துக்கு 2024-ல கிராமி. அட்டையில நாலு பேர் பேரும் இருக்கு.

"அண்ணே, உங்க பேரை இந்தக் கட்டுரையில போடட்டுமா?"ன்னு கேட்டேன். "இங்க வேணாம் தம்பி. எங்க விட்டியோ, அங்கேயே போடு"ன்னுட்டாரு.

அடுத்த போஸ்டர் ரெடி. முதல் பேரே அண்ணன் பேர்தான்!

உங்க காலேஜ் போஸ்டர்ல ஏதாவது 'மற்றும்' இருக்கா? ஓடிப்போய்ப் பேர் கேட்டுட்டு வாங்க!