ஸ்ட்ரெங்த் ஆஃப் மை லைஃப்: இஸ்ரேல் வைப்ரேஷனின் இரண்டாம் சுற்று

ரெகே என்றதும் பாப் மார்லி, அதோடு முடிந்தது என்றுதான் நம்மில் பலருக்கும். ஆனால் அவர் 1981-ல் போனபிறகும் ஜமைக்காவில் ரூட்ஸ் ரெகே பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறைய பேர். அதில் இஸ்ரேல் வைப்ரேஷன் என்ற மூவர் குழுவும், 1988-ல் அவர்கள் போட்ட 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மை லைஃப்' ஆல்பமும்தான் இன்றைக்கு விஷயம்.

முதலில் பெயர். இது இஸ்ரேல் நாட்டைப் பற்றியது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தங்கள் மக்களை விவிலியத்தின் இஸ்ரவேலரோடு சேர்த்துப் பார்ப்பது ரஸ்தஃபாரி வழக்கம். அந்த நெறியைச் சேர்ந்த ஓர் அமைப்பின் பெயரே 'ட்வெல்வ் ட்ரைப்ஸ் ஆஃப் இஸ்ரேல்'. மார்லியும் அதில் இருந்தவர்தான்.

ஸ்கெல்லி, ஆப்பிள் கேப்ரியல், விஸ். இவர்கள்தான் அந்த மூன்று பேர். மூவருக்கும் சின்ன வயசிலேயே போலியோ. ஜமைக்காவில் 1954-ல் போலியோ பெரிய அளவில் பரவியது. சால்க் தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்ததோ 1955-ல். இவர்கள் 1950-களின் பிள்ளைகள். கிங்ஸ்டன் பக்கம் மோனா என்ற இடத்தில் இருந்த மறுவாழ்வு மையத்தில்தான் மூவரும் பழக்கமானார்கள். ரஸ்தஃபாரி நெறிக்கு மாறி சடைமுடி வளர்க்க ஆரம்பித்ததும் அங்கே இடமில்லாமல் போச்சு. பிறகு சில வருஷங்கள் கிடைத்த இடத்தில் படுத்து, தெருவில் பாடிக் காசு வாங்கித்தான் ஓடியது. ஊன்றுகோலோடு மேடை ஏறும் மூவர் என்று பின்னால் உலகம் அறிந்தது இவர்களைத்தான்.

1976-ல் 'ஒய் வொர்ரி' என்ற முதல் சிங்கிள், ட்வெல்வ் ட்ரைப்ஸ் அமைப்பின் உதவியோடு. 1978-ல் டாமி கோவன் தயாரிப்பில் 'தி சேம் சாங்'. 1980-ல் 'அன்கான்கர்ட் பீப்பிள்'. ரெகே ரசிகர்கள் இவர்களைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு ஆல்பங்களைத்தான் சொல்வார்கள். நல்ல ஆல்பங்கள்தான், மறுப்பில்லை. ஆனால் இந்தக் குழு எதனால் குழுவாக நிற்கிறது என்பதை 1988 ஆல்பம்தான் காட்டுகிறது என்பது என் கட்சி.

காரணம், நடுவில் நடந்த கதை. 1983 வாக்கில் குழு கலைந்துவிட்டது. மூவரும் அமெரிக்கா போனார்கள். அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கும், தனித்தனியாகப் பாடியும் பிழைக்கலாம் என்ற எண்ணம். தனிப் பாட்டு யாருக்கும் பெரிசாக எடுபடவில்லை. வாஷிங்டன் பக்கம் ஆர்.ஏ.எஸ். ரெக்கார்ட்ஸ் என்ற ரெகே நிறுவனத்தை நடத்திய டாக்டர் ட்ரெட்டிடம் மூவரும் தனித்தனியாகவே வாய்ப்புக் கேட்டுப் போனார்கள். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: சேர்ந்து வந்தால் போடலாம். அப்படி வந்ததுதான் இந்த ஆல்பம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அபிசீனியன்ஸ், மைட்டி டயமண்ட்ஸ் மாதிரி மூவர் குழுக்களில் குரல்கள் ஒன்றாகக் குழைந்து ஒரே குரல் போல வரும். இங்கே அப்படி இல்லை. மூவருமே பாட்டு எழுதுவார்கள், தன் பாட்டைத் தானே முன்னின்று பாடுவார்கள், மற்ற இருவர் பின்னாலிருந்து பதில் கொடுப்பார்கள். குரல்களும் மூன்று மாதிரி, பாலீஷ் கிடையாது. சில இடத்தில் லேசாக நடுங்கும், சுருதிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். ஒரு வரி தனியாகக் கேட்டால் மெலிசாக இருக்கும். மற்ற இரண்டும் வந்து சேரும்போதுதான் அது ஊன்றி நிற்கும். தனியாகப் போனபோது இவர்களுக்கு எது கிடைக்காமல் போனது என்பது அந்த இடத்தில் காதுக்கே புரிந்துவிடும்.

அடியில் ஓடும் வாத்தியத்தையும் கவனிக்கணும். வாசிப்பது ரூட்ஸ் ராடிக்ஸ். பாஸ் கிடார்காரர் ஃபிளாபா ஹோல்ட்டின் குழு. நமக்கு முதல் அடி அழுத்தமாக விழுந்துதான் பழக்கம். ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் ஒன்றில் டிரம் பேசாது. மூன்றில்தான் விழும். இரண்டிலும் நான்கிலும் கிடார் வெட்டி வெட்டி வரும். ராகம் மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு போவது பாஸ். முதல் அடி காலியாக இருப்பதால் பாடுகிறவருக்கு நிறைய இடம். அவசரமே வேண்டாம். நடுங்குகிற குரலுக்கு இதைவிடத் தோதான தாளம் கிடையாது.

காலத்தையும் பாருங்கள். 1985-ல் 'ஸ்லெங் டெங்' என்ற பாட்டு சின்ன கேசியோ கீபோர்டின் தாளத்தை வைத்து வந்து ஜமைக்காவையே புரட்டிப் போட்டது. அதன்பிறகு அங்கே கம்ப்யூட்டர் தாளத்துக்குத்தான் மவுசு. மூன்று வருஷம் கழித்து இவர்கள் பழைய நடையிலேயே வந்து நிற்கிறார்கள். ஊரில் ஃபாஷன் போன சரக்குதான். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைக் கேட்க ஆள் இருந்தது. அடுத்த பல வருஷங்களுக்கு இவர்களை ஓடவைத்தது அந்தக் கூட்டம்தான்.

ஆல்பத்தின் தலைப்பு 27-ஆம் சங்கீதத்தில் வரும் சொல். கர்த்தரே என் வாழ்வின் பலம் என்ற பொருளில் பக்தர்கள் சொல்வது. போலியோவில் கால் போன மூவர் பாடும்போது அதற்கு உடம்பு சார்ந்த இன்னொரு அர்த்தமும் வந்துவிடுகிறது. இத்தனைக்கும், எங்களைப் பார்த்து இரக்கப்படு என்ற தொனி ஆல்பத்தில் எங்கேயும் இல்லை. 'கூல் அண்ட் காம்' கேளுங்கள், தெரியும்.

1997-ல் ஆப்பிள் கேப்ரியல் விலகிவிட்டார். 1999-ல் வந்த 'பே தி பைப்பர்' இருவர் ஆல்பம். மோசமில்லை. ஆனால் 1988 ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உடனே அதைப் போட்டால், பதில் வரவேண்டிய சில இடங்களில் காது தானாகவே ஒரு குரலைத் தேடும். ஆப்பிள் 2020-லும் ஸ்கெல்லி 2022-லும் காலமானார்கள். அதனால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் 'தி சேம் சாங்', அடுத்து 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மை லைஃப்', கடைசியில் 'பே தி பைப்பர்'. ஹெட்ஃபோன் போட்டு, முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிறவர்களைக் கேளுங்கள்.