நகர்நடுவே – 9: கடைவீதியின் மகமை

கோயம்புத்தூருக்குப் பழைய நடுவிடம் ஒன்று உண்டு. டவுன்ஹாலையும் ராஜ வீதியையும் ஒப்பணக்காரத் தெருவையும் சுற்றி அமைந்த அந்தப் பிரதேசத்தைக் கோயிலும் சந்தையும் துணி வியாபாரமும் பல தலைமுறைகளாக வளர்த்தன. காந்திபுரம் அவ்விதம் பிறந்ததன்று. அதற்குக் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. பேருந்து ஒன்றே அதனை நகரத்தின் நெஞ்சாக ஆக்கிற்று. திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம் ஆகிய திக்குகளிலிருந்து வரும் வண்டிகள் ஒதுங்கும் மத்திய பேருந்து நிலையமும், அதற்கு எதிரே நகரப் பேருந்து நிலையமும், திருவள்ளுவர் பஸ் ஸ்டாண்டு என்று பழையவர்கள் இன்றும் சொல்லும் விரைவுப் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து அமைந்துவிட்டபடியால், கிராஸ்கட் ரோட்டில் ஜவுளிக்கடைகளும், நூறடி ரோட்டில் நகைக்கடைகளும், நடைபாதையில் பூக்காரியும் பழவண்டிக்காரரும் தாமாகவே வந்து சேர்ந்தனர்.

இத்தகைய இடத்தைச் சுத்தமாகவும் பயமின்றி நடமாடத்தக்கதாகவும் வைத்திருக்கும் கடமை யாருடையது என்று கேட்டால், உடனே விடை சொல்லிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் குப்பையை மாநகராட்சி அள்ள வேண்டும். மேம்பாலத்தை நெடுஞ்சாலைத் துறை பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தத்தையும் ஜேப்படியையும் போலீஸார் கவனிக்க வேண்டும். பேருந்தைப் போக்குவரத்துக் கழகம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். அவரவர் பங்கை அவரவர் செய்தும்கூட, எவர் பங்கிலும் சேராத சிறிய காரியங்கள், அதாவது பெயர்ந்துபோன ஒரு கல், எரியாத ஒரு விளக்கு, தூணடியில் தேங்கும் நீர், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேலே இரண்டடுக்குப் பாலத்தில் வாகனங்கள் தடையின்றிப் பறக்க, கீழே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நூறடி ரோட்டைக் கடக்க நிற்கும் தாய்க்கு அப்பாலத்தால் விளைந்த நன்மை என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதே விதமான சங்கடம் கனடா தேசத்து டொராண்டோ நகரில், புளூர் வீதியின் மேற்குப் பகுதி வர்த்தகர்களுக்கு 1960களின் பிற்பகுதியில் நேர்ந்தது. வீதியில் ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டி நின்று, பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியதும், கடைகளின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போன பிரயாணிகள் கண்ணில் படாமலே போயினர். போதாக்குறைக்கு நகரத்தின் ஓரத்தில் பெரிய வணிக வளாகங்கள் எழுந்தன. அந்த வர்த்தகர்கள் அரசாங்கத்திடம் மானியம் கேட்கவில்லை. தங்கள்மீது தாங்களே ஒரு வரி விதித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அதற்கு இடங்கொடுக்கும் சட்டம் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்தது. எல்லை வகுக்கப்பட்ட வட்டாரத்தில் உள்ள கடைகள் யாவும் செலுத்தும் அந்தத் தொகையை நகராட்சியே வரியோடு வசூலித்து, வர்த்தகர்கள் அடங்கிய சபையிடம் ஒப்படைக்கும். சபை அதைக்கொண்டு கூட்டிப் பெருக்குவது, விளக்கிடுவது, மரம் வைப்பது, விழா எடுப்பது ஆகிய காரியங்களை நடத்தும். இன்று டொராண்டோவில் மட்டும் இவ்வித வட்டாரங்கள் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. நியூயார்க் இந்த ஏற்பாட்டை 1980களில் கைக்கொண்டது. இங்கிலாந்து 2003இல் சட்டமாக்கிற்று.

இதில் முக்கியமான அம்சம் கட்டாயம் என்பதுதான். மனமுவந்து கொடுப்போரிடம் மட்டும் வசூலித்தால், கொடுக்காதவன் கடைவாசலும் கொடுத்தவன் பணத்தில் சுத்தமாகிவிடும். மறு வருஷம் கொடுத்தவனும் கையை மடக்கிக்கொள்வான். ஆகையால் இங்கிலாந்தில் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தோரில் எண்ணிக்கையாலும் சொத்து மதிப்பாலும் பெரும்பான்மையோர் இசைந்தால், இசையாதவரும் செலுத்தியே தீர வேண்டும் என்று விதித்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க வேண்டுமானால் மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டும் என்பது அதற்குக் கடிவாளம்.

இது மேல்நாட்டாரின் நூதன யுக்தி என்று எண்ணுவோருக்கு நம் ஊர் மகமையை நினைவூட்ட வேண்டும். சிவகங்கைச் சீமையில் உள்ள பிரான்மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, பல ஊர் வணிகர்கள் கூடி, உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு முதலான சரக்குகளின் பொதிக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் வரி வைத்துக் கோயிலுக்கு ஈந்ததைச் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வர்த்தகர்கள் இம்முறையை இன்னும் விஸ்தாரமாக வளர்த்தார்கள். சரக்கேற்றிய மாட்டு வண்டிகள் வழிப்பறிக்கு அஞ்சாமல் இரவைக் கழிப்பதற்குச் சுவரெழுப்பிய பேட்டைகளை அமைத்தார்கள். அங்கே மாட்டுக்குத் தண்ணீரும் வண்டிக்குக் காவலும் கிடைத்தன. ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கு மகமையாக அவர்களுடைய சமூகச் சபையான உறவின்முறைக்குச் சேர்ந்தது. அதிலிருந்து கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியும் துணைநின்று வளர்த்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் சிறுவனாகப் படித்தார். காவலும் தண்ணீரும் கணக்கும் ஒரே கையில் இருந்த அந்தப் பேட்டையைக் காட்டிலும் தெளிவான முன்மாதிரியை டொராண்டோவில் தேட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது ஒரு சமூகத்தாரின் ஸ்தாபனம்; தராசு பிடித்தவனுக்கு அங்கே குரல் இருந்தது, மூட்டை தூக்கியவனுக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

நம் அரசாங்கத்திலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. 1997இல் தொடங்கி 2021இல் புதுப்பிக்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கொடுத்தால் மற்றதை அரசு கொடுத்துக் காரியத்தை முடிக்கிறது. நல்ல ஏற்பாடே, எனினும் அது கட்டுவதற்கான பணம், காப்பதற்கானதன்று. திறப்பு விழாவுக்கு மாலை வாங்கும் நாம் மறுநாளைக்கு விளக்குமாறு வாங்க மறந்துவிடுகிறோம். சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரின் நடைபாதையை வெகு அழகாக அகலப்படுத்தி 2019இல் திறந்தார்கள். அதன்மேல் ஏறி நின்ற இருசக்கர வாகனங்களை இறக்குவதற்கென்று ஓர் ஆளை அன்றாடம் நிறுத்துவது எவர் பொறுப்பு என்பதில்தான் அந்த அழகு தடுமாறிற்று.

ஆகவே காந்திபுரத்து வர்த்தகர்கள் கூடி ஒரு மகமை வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி முடித்துவிடலாமா? அதற்கு முன் நியூயார்க்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நகர நூலகத்தின் பின்புறத்தில் போதை மருந்து விற்போரின் கூடாரமாகக் கிடந்த பிரையன்ட் பூங்காவை, இப்படிப்பட்ட ஒரு வட்டாரக் கழகம் 1992இல் மறுபடி திறந்து, இழுத்துப் போட்டு உட்காரத்தக்க நாற்காலிகளை இட்டு, ஜனங்கள் விரும்பி வரும் இடமாக்கியது வாஸ்தவம். ஆனால் அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரக் கழகத்தார், வீடற்று வீதியில் படுத்தவர்களை அடித்து விரட்டினர் என்ற குற்றச்சாட்டு 1995இல் எழுந்து பெரிய விவகாரமாயிற்று. வரி செலுத்துகிறவனுக்கே வாக்கு என்று வைத்துவிட்டால், சுத்தம் என்பதன் பொருளையும் அவனே நிர்ணயிப்பான். அவன் கண்ணுக்குப் பழவண்டியும் குப்பையும் ஒன்றாகவே தோன்றிவிடக்கூடும்.

இங்கே நமக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் துணையாக நிற்கிறது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு இடத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு என்றும், அவற்றில் மூன்றிலொன்று பெண்களுக்கு என்றும், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்றும் அது சொல்கிறது. காந்திபுரத்துக்கு ஒரு மகமைச் சபை அமையுமானால் அக்குழுவின் பிரதிநிதிகளுக்கு அதில் இடம் வேண்டும். கிராஸ்கட் ரோட்டின் தீபாவளிக் கூட்டத்தை எந்தச் சந்தில் திருப்பினால் நெரிசல் குறையும் என்பது, குளிர்பதன அறையில் இருக்கும் முதலாளியைவிட நடைபாதையில் நிற்கும் கர்சீப் வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். பிரயாணிகளுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். அவர்களை யார் தேர்ந்தெடுப்பது என்பது சிக்கலானபோதிலும், அவர்கள் இல்லையென்றால் அந்த வீதியே இல்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாதபடியால், ஒண்டாரியோவைப் போல முதலில் சட்டசபைக்குத்தான் போக வேண்டும். அப்படிச் சட்டம் எழுதுவோர் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இங்கிலாந்தில் வட்டாரத்துக்குள் கட்டடம் வைத்திருக்கும் நகர மன்றமும் மற்றக் கடைக்காரரைப் போலவே வரி செலுத்துகிறது. காந்திபுரத்தில் பெருங்கூட்டத்தைக் கூட்டும் பேருந்து நிலையங்கள் மாநகராட்சிக்கே சொந்தமானவை; அங்கே கடைகளை ஏலம்விட்டு வாடகை வாங்குவதும், கழிப்பிடத்தின் நாற்றத்துக்கு ஜவாப் சொல்ல வேண்டியதும் அதுவே. மகமைப் புத்தகத்தின் முதல் ரசீது மாநகராட்சியின் பேரில் எழுதப்படுமா என்பதைக் கண்ட பிறகே மற்ற வர்த்தகர்கள் பணப்பெட்டியைத் திறப்பார்கள்.