வண்ணமே இல்லாமல் தூரத்தைக் காட்டிய வான்கோ: ஒரு கோட்டோவியத்தை ரசிப்பது எப்படி?

வான்கோ என்றதும் மஞ்சள் சூரியகாந்தியும் சுழலும் நீல வானமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 1888 ஜூலையில் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு அருகே அவர் வரைந்த ஒரு வயல்வெளிப் படத்தில் வண்ணமே கிடையாது. மோன்மஜூர் குன்றிலிருந்து தெரியும் லா க்ரோ சமவெளிதான் காட்சி. ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் அந்தப் படம் இருக்கிறது. போனில் பார்ப்பவர்கள், 'இதுல என்ன இருக்கு, வெறும் கோடும் புள்ளியும்தானே?' என்று கடந்துவிடக்கூடும். விஷயமே அந்தக் கோட்டிலும் புள்ளியிலும்தான் இருக்கிறது.

முதலில் எதைப் பார்ப்பது?

தொடுவானத்தை. அதைத் தாளின் மேல்பக்கம் தள்ளிவிட்டார் வான்கோ. அதனால் பெரும்பகுதி நிலம்தான். நடுவில் 'ஹீரோ' மாதிரி பெரிய மரமோ கட்டடமோ இல்லை. வரப்பு, வேலி, பாதை எனக் கோடுகள் உள்ளே போக, கண்ணும் கூடவே நடக்கிறது.

தூரம் எப்படித் தெரிகிறது?

கோட்டின் அளவால். பக்கத்தில் இருக்கும் புல்லுக்குத் தடித்த கோடு. நடுவயலுக்குச் சின்னக் கோடு. தொலைவில் பொடிப் புள்ளி. இடையே விட்ட வெற்றுத்தாள்தான் வெயில். ஜப்பானிய அச்சுப் படங்களை விரும்பிச் சேகரித்தவர் அவர். அவற்றின் தாக்கம் இதில் தெரிகிறது.

நாணல் பேனா ஏன்?

அந்த ஊரில் வளரும் நாணலைச் சீவினால் பேனா ரெடி. அதில் மை அதிக நேரம் நிற்காது. அடிக்கடி தொட்டுக்கொள்ள வேண்டும். அதனால் நீண்ட வழவழப்பான கோட்டைவிட, குட்டையான அழுத்தக் கோடுதான் அதற்கு இயல்பாக வரும். கருவியின் அந்தக் குறையையே தன் பாணியாக்கிக்கொண்டார்.

திறமை மட்டும் போதுமா?

போதாது. அந்தக் காட்சியைப் பார்க்கக் குறைந்தது 50 தடவையாவது போயிருப்பதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார் வான்கோ. கொசுக்கடி, மிஸ்ட்ரல் எனும் பலத்த காற்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதான். எந்த வயலுக்கு எந்தக் கோடு என்ற தெளிவு, அத்தனை முறை பார்த்ததில் வந்தது.

இன்று தெரிவது அதே படமா?

முழுக்க அல்ல. அவர் பயன்படுத்திய மைகள் பலவும் காலப்போக்கில் மங்கிப் பழுப்பாகிவிட்டன. வெளிச்சம் பட்டால் இன்னும் மங்கும் என்பதால், இத்தகைய படங்களை அருங்காட்சியகங்கள் எப்போதாவதுதான் காட்சிக்கு வைக்கின்றன. ஆனாலும் ஆழம் குறையவில்லை. அது மையின் கருமையை மட்டும் நம்பி நிற்கவில்லை. கோட்டின் அளவிலும் இடைவெளியிலும் நிற்கிறது.

நீங்களே சோதிக்கலாம். முதலில் படத்தை முழுசாகப் பாருங்கள். பிறகு கீழ் ஓரத்தை ஜூம் செய்து, மெதுவாக மேலே நகர்த்துங்கள். கோடு எந்த இடத்தில் புள்ளியாக மாறுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் 'பக்கம்' முடிந்து 'தூரம்' ஆரம்பிக்கிறது.