பஸ்ஸுக்குக் காசில்லை, கழிப்பறைக்கு உண்டு

மார்ச் 31 நெருங்கும் வேளைதான் நகராட்சிகள் பட்ஜெட் போடும் நேரம். 'மகளிருக்கு உகந்த பொதுவெளி' என்றால் என்ன, இளஞ்சிவப்புப் பெயின்டா, தனிப் பூங்காவா என்று வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். அதிகாரிகளின் அகராதியில் அதற்குப் பொருள், ரிப்பன் வெட்டக்கூடிய ஏதோ ஒன்று. ரிப்பன் வெட்டிய பிறகு வருகிற குத்தகையைத்தான் கவனிக்க வேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறையையே எடுத்துக்கொள்வோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. ராஜபாளையம் மில்களில் ஷிப்டு பார்ப்பவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ விற்பவரும் காசில்லாமல் வந்து இறங்கலாம். இறங்கிய இடத்தில் கழிப்பறை வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

தமிழக நகராட்சிகளில் பேருந்து நிலையக் கழிப்பறையை ஏலம் விடுவது பழைய வழக்கம். அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. ஏலத் தொகையும் செலவும் போக மிஞ்சுவதே அவர் லாபம் என்பதால், ஊற்றாத ஒவ்வொரு வாளித் தண்ணீரும் வைக்காத துப்புரவாளும் அவருக்கு வரவு. ஆணுக்குச் சுவரோரம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பவர் பெண். ஆக, நகராட்சியின் கழிப்பறைக் குத்தகை வருமானம் பெண்களிடம் வாங்கும் வரி போலத்தான். அதைக் கட்ட மனமில்லாதவர் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார். சிறுநீர்த் தொற்று அங்கிருந்து தொடங்குகிறது. இலவசமாக விட்டால் நாறிவிடும் என்பார்கள். காசு வாங்குவதும் நாறத்தானே செய்கிறது? சென்னை மாநகராட்சி ராயபுரம், திரு.வி.க. நகர், மெரினாவில் இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டது: பயன்படுத்துவோருக்கு இலவசம், ஒப்பந்ததாரருக்கு மாநகராட்சியே, பராமரிப்பின் தரத்தைப் பார்த்துப் பணம் தரும். செலவு அதிகம் என்ற விமர்சனம் நியாயமானது, தரத்தை அளப்பவர் யார் என்ற சந்தேகமும் தீரவில்லை. ஆனாலும் சுத்தம் செய்தால் லாபம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. சிறு நகராட்சிக்குக் கட்டுப்படியாகுமா? பேருந்து நிலையக் கடை வாடகையில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால் ஆகும். அந்தக் கடைகளுக்கு வியாபாரம் தருவதும் இதே பயணிகள்தான்.

கடிதங்களில் கேட்ட மற்றவை. கேமரா? நடந்ததைக் காட்டும், அவசரத்துக்கு உதவாது. 2015இல் பேருந்து நிலையங்களில் திறந்த தாய்ப்பால் ஊட்டும் அறை? பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குத் தற்காலிகக் கழிப்பறை? எத்தனை என்பதோடு, எங்கே என்றும் கேளுங்கள். குத்தகை நிபந்தனைகளைப் பார்க்க முடியுமா? தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சியில் நகல் கேட்கலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய்.