பெரியப்பாவின் காரும் பதிவுச் சான்றிதழின் பெயரும்

குடும்பத்தில் மூத்தவர் ஒருவர், கண் பார்வை மங்கியோ, மூட்டுவலியால் கிளச்சை மிதிக்க இயலாமலோ, வயோதிகத்தில் நமக்கு இனி எதற்கு இந்த வம்பு என்ற விரக்தியாலோ, பல வருஷங்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்த தமது செடான் காரைத் தம்பி மகனுக்கோ மகள் வயிற்றுப் பேரனுக்கோ கொடுத்துவிடுவது நம் மத்தியதர வர்க்கத்தில் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. சாவி கை மாறுகிறது. பிள்ளையார் கோவில் வாசலில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்குகின்றன. வண்டி புதிய வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர் மட்டும் மாறாமல், இரண்டு தீபாவளி, மூன்று தீபாவளி என்று அப்படியே கிடந்துவிடுகிறது.

இதற்குச் சோம்பல் ஒரு காரணம். அதைக் காட்டிலும் பெரிய காரணம் தாட்சண்யம். காரை மனமுவந்து கொடுத்த பெரியப்பாவிடம் போய், “கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்பது, அவருடைய சொத்துக்கு அவசரப்படுவதுபோல் ஆகிவிடாதா என்று இளையவர் கூசுகிறார். கேட்காமலே படிவத்தை நீட்டினால், “என்னை நம்பவில்லை போலிருக்கிறது” என்று அவன் எண்ணிவிடுவானோ என்று பெரியவரும் தயங்குகிறார். இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையால் விளையக்கூடிய தீங்கு முதலில் சென்று விழுவது கொடுத்தவரின் தலைமேல்தான் என்பது, இந்த நாகரிகத்தைப் பெரிதாகப் பாராட்டுகிறவர்களில் பலருக்குத் தெரிந்திருப்பதில்லை.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், உரிமையாளர் என்பவர் யார் என்று வியாக்கியானம் செய்யும்போது, எவர் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொல்லிவிடுகிறது. சாவி யாரிடம் இருக்கிறது, பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதெல்லாம் அங்கே பிரஸ்தாபத்துக்கே வருவதில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய நவீன் குமார் வழக்கில், பதிவு பெற்ற உரிமையாளர் விற்றுவிட்ட கார் மேலும் பல கைகள் மாறி, கடைசியில் ஒரு விபத்தில் சிக்கியது; காரைக் கொடுத்துப் பல மாதங்கள் ஆயின என்று அவர் எவ்வளவு வாதாடியும், சான்றிதழில் தம் பெயர் நீடித்த காரணத்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு அவரையே சேர்ந்தது. ஆகவே, திருச்சியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஈசிச்சேரில் சாய்ந்திருக்கும் பெரியப்பாவுக்கு, கோயம்புத்தூரில் தம்பி மகன் ஏற்படுத்திய விபத்துக்காக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வருவது கற்பனையல்ல. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டும். தவணை கடந்து காலாவதியாகியிருந்தாலோ, பெரியவருடைய சேமிப்பையும் வீட்டையும் அந்தக் கடன் தொடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் ஜனங்களிடம் குழப்பம் மிகுதி. சட்டத்தின் 157ஆம் பிரிவு, வண்டி கைமாறும்போது பாலிசியும் கூடவே மாறியதாகக் கருதப்படும் என்று ஒரு சௌகரியத்தைத் தந்து, புதியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தச் சௌகரியம், வழியில் போகிற மூன்றாம் நபருக்கு நேரும் தீங்கைப் பற்றியதே ஒழிய, உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்தைப் பற்றியதன்று என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. ஆகையால், பெரியப்பா பெயரில் ஒழுங்காக பிரீமியம் கட்டி வருகிறோம் என்ற திருப்தியோடு இருக்கும் ஒருவர், புளியமரம் விழுந்து நசுங்கிய காருக்குப் பணம் கேட்கப் போகும்போது, ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர், கையிலுள்ள கொடைக் கடிதத்தில் ஒரு பெயர் என்றிருந்தால், கம்பெனி கையை விரிக்க அதற்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு விபரீதமும் உண்டு. பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர் சட்டத்தின் பார்வையில் இரவல் வாங்கி ஓட்டுகிறவரே. அவர் வேறெவருடைய பிழையும் இல்லாமல் தாமே மரத்தில் மோதி உயிரிழந்தால், உரிமையாளரின் ஸ்தானத்தில் நின்றவராகவே கருதப்படுவார். மூன்றாம் நபருக்குரிய நஷ்டஈட்டை அவர் குடும்பம் அதே வண்டியின் பாலிசியில் கோர இயலாது என்பது 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் உறுதியாயிற்று. இந்தக் குறையை ஈடுசெய்யவே உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறது. அதுவோ பாலிசியில் பெயர் கண்ட உரிமையாளரை உத்தேசித்து எழுதப்படுவது. காரை ஸ்டார்ட்டுகூடச் செய்யாத பெரியப்பாவுக்கு அந்தக் காப்பு இருந்து, தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற பிள்ளைக்கு இல்லாமல் போவதைவிடத் தலைகீழான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

கோரிக்கையே செய்யாமல் வருஷக்கணக்கில் பெரியவர் ஈட்டிய போனஸ் தள்ளுபடி வண்டியோடு வருவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை உயரும் அந்தத் தள்ளுபடி மனிதருக்குச் சொந்தம், காருக்கு அன்று. அவர் வேறு கார் வாங்குவதாயிருந்தால் கம்பெனியிடம் ஒரு சான்று பெற்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிக்கொள்பவர் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்தச் சில ஆயிரங்களை மிச்சம் பிடிப்பதற்காகப் பெயரை மாற்றாமல் விட்டு வைக்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.

பெயர் மாற்றத்தின் நடைமுறை அப்படி ஒன்றும் மலைப்பதற்குரியதன்று. கொடுப்பவர் படிவம் 29இலும், இருவரும் சேர்ந்து படிவம் 30இலும் கையெழுத்திட்டு, பதிவுச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு அரசின் பரிவாஹன் இணையதளத்தின் வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவருக்கு 14 நாளும் பெறுபவருக்கு 30 நாளும் அவகாசம். வேறு மாநிலப் பதிவாயிருந்தால் அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும். புதுச்சேரி எண்ணோடு சென்னையில் நிரந்தரமாக வாசம் செய்யும் கார்களின் சொந்தக்காரர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவையும் வரியையும் இங்கே மாற்றியாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலும் காரியம் தடைப்படுவது ஒரு சிறு வரியில். சான்றிதழைக் கையில் எடுத்து அடமானம் என்ற இடத்தைப் பாருங்கள். கடனை என்றோ அடைத்தாயிற்று என்று பெரியவர் சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வங்கியின் பெயர் அந்த இடத்தில் நீக்கப்படாமலே நிற்கும். வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் அதை அகற்ற முடியாது. இடையில் அந்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால், பழைய கணக்கைத் தேடி எடுக்கப் பெரியவரே நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் காரியம் எளிதில் முடியும். அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடச் சொல்வது அதனால்தான்.

அவர் காலமாகிவிட்டாலோ, விஷயம் வேறு பாதையில் செல்கிறது. வண்டியைத் தம் வசம் வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியும் மரணத் தேதியிலிருந்து மூன்று மாதமோ, தன் தவணை முடியும் வரையோ, எது முன்னதோ அதுவரையே உயிரோடிருக்கும். தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் அவசியமாகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாயார் போன்றோரே முதல் வரிசையினர்; பெரியப்பா வாய்வார்த்தையாக வாக்களித்தார் என்று தம்பி மகன் சொல்வது, அமெரிக்காவிலிருந்து வந்திறங்கும் மகளின் முன்னே எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. 2021இல் செய்த விதித் திருத்தத்தின்படி பதிவுச் சான்றிதழிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி உண்டு. மகனோ மகளோ உள்ள பெரியவர்கள் அதை இன்றே செய்துகொள்ளலாம்.

இனி வண்டியைப் பற்றி. வயதானவர் ஓட்டிய கார் என்றால் மீட்டர் குறைவாகவே காட்டும். அதைக் கண்டு மயங்குவோர் அநேகர். மாதம் இருமுறை கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த வண்டியின் டயர்களில் கட்டை தேயாமல் இருக்கலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைக் குனிந்து படியுங்கள்: 2316 என்றிருந்தால் அது 2016ஆம் வருஷத்து 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகிறது. விளிம்பில் மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தால் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்வது விவேகமன்று. ஸ்டெப்னியையும் இதேபோல் பார்க்க வேண்டும். பிரேக் திரவமும் டைமிங் பெல்ட்டும் கிலோமீட்டரோடு வருஷத்தையும் கணக்கிட்டு மாற்றப்பட வேண்டியவை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தென்பட்டால், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் வண்டி நின்றதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பெரியவர் மறைத்தார் என்பதில்லை. மெக்கானிக் சரிசெய்துவிட்டதாக அவர் மறந்தே போயிருப்பார்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி காற்றுப்பையைப் பற்றியது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் அடைத்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிக்க ஊர்களில் வருஷக்கணக்கில் சிதைந்து, விபத்தின்போது பையை விரிப்பதற்குப் பதிலாக உலோகக் கூட்டையே சிதறடித்துக் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சியது உலகறிந்த விஷயம். ஹோண்டா சிட்டி, சிவிக், டொயோட்டா கரோலா முதலிய செடான்களில் சில வருஷத்து உற்பத்திகள் இந்தியாவிலும் திரும்ப அழைக்கப்பட்டன. கம்பெனி அனுப்பிய கடிதம் பெரியவருடைய பழைய விலாசத்துக்குப் போயிருக்கக்கூடும். வண்டியின் 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் மாற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். கடற்கரை ஊர்களில் வாழ்கிற நமக்கு இது அசட்டை செய்யத் தக்கதன்று.

பதிவு 15 வருஷத்தை நெருங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. பசுமை வரியும் தகுதிச் சோதனையும் தனி. தீராத சலான்களையும் முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் பெரியவரின் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது. அதை மூடாவிட்டால், உங்கள் பயணச் செலவு ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் அவர் பென்ஷனில் கழியும்.

எல்லாம் செய்தும் காரியம் கெட்டால் பரிகாரம் உண்டு. பதிவு அதிகாரி பெயர் மாற்றத்தை மறுத்து உத்தரவிட்டால், அதைப் பெற்ற 30 நாளுக்குள் 57ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதிலில்லாமற் போனாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு வருஷ அவகாசம் உண்டு.

கொடுப்பவருக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது. “மாதம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ, மருந்து மாத்திரைகளைக் கவனித்துக்கொள்” என்ற எண்ணத்தோடுதான் பல பெரியவர்கள் காரைக் கொடுக்கிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், தீர்ப்பாயத்தின் மூலம் அந்தக் கொடையை ரத்து செய்யக் கேட்கும் உரிமையை 60 வயதானோருக்கு அளிக்கிறது. அச்சட்டத்தில் சொத்து என்பது அசையும் பொருளையும் அடக்கும். ஆனால் நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் கொடுத்தவரே. ஆகையால் படிவம் 30இல் கையெழுத்திடும் அதே நாளில், ஒரு வெள்ளைத் தாளில் அந்த நிபந்தனையையும் நான்கு வரியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.