அசுரனுக்கும் ஒரு தூது

"தாத்தா, இவன் சாகவே மாட்டேங்கிறான்!"

சென்ற ஆண்டு கந்த சஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள். தீபாவளி விடுமுறை என்பதால் என் பேரன் மாஹிமில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். நான் கந்தபுராண வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கால்களை மடக்கி உட்கார்ந்து, கையிலிருந்த கருவியைத் தட்டித் தட்டி வியர்த்துப் போயிருக்கிறான்.

"யாருடா சாக மாட்டேங்கிறான்?"

"மஹாபலாசுர்."

பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். "அசுர் இல்லடா, அசுரன்னு சொல்லு" என்று திருத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரத நாளில் வீட்டுக்குள் ஓர் அசுரன் வந்திருக்கிறான் என்றால் விசாரிக்காமல் இருக்க முடியுமா?

அந்த விளையாட்டின் பெயர் 'ராஜி'. நம் பக்கத்து ஊரான புனேயில் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. 2017-இல் இதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப் பார்த்தார்கள். எண்ணிய தொகை சேரவில்லை. அதற்காக விட்டுவிடாமல் உழைத்து 2020-இல் வெளியிட்டார்கள். கதை எளிமையானது. ராஜி ஒரு சர்க்கஸ் பெண். அசுரர்கள் படையெடுத்து வந்து குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறார்கள். ராஜியின் தம்பி கோலுவும் அவர்கள் கையில் சிக்குகிறான். துர்க்கையின் அருளால் கிடைத்த ஆயுதத்தோடு தம்பியைத் தேடிப் புறப்படுகிறாள். ராஜஸ்தானத்துக் கோட்டைகளைப் போன்ற மாளிகைகள், நம் தோல்பாவைக் கூத்தைப் போல நிழலுருவங்களால் சொல்லப்படும் கதை என்று பார்க்க அழகாகவே இருக்கிறது. அசுரர் கூட்டத்துக்குத் தலைவன்தான் இந்த மஹாபலாசுரன்.

இப்படிப்பட்ட தலைவனைப் பிள்ளைகள் 'பாஸ்' என்கிறார்கள். நமக்கெல்லாம் பாஸ் என்றால் ஆபீசில் லீவு தர மறுப்பவர். அவர்களுக்கோ, வழியில் வரும் சில்லறை எதிரிகளை எல்லாம் வென்ற பிறகு கடைசியில் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் பெரிய எதிரி. 1975-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றில் மாணவர்கள் எழுதிய 'டிஎன்டி' என்ற விளையாட்டில், ஒரு மந்திர உருண்டையைக் காத்து நின்ற தங்க டிராகன்தான் இந்த வம்சத்தின் மூத்தவன் என்கிறார்கள்.

என் மகன் காலத்து ராட்சதன்

பேரனின் பாஸைப் பார்த்ததும் என் மகனின் பாஸ் நினைவுக்கு வந்தான். 1990-களில் பிள்ளைகளை வளர்த்த மும்பைவாசிகள் எவரும் அவனை மறந்திருக்க மாட்டார்கள். 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயர்களில் பெட்டிகள் விற்ற காலம் அது. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் கொண்டுவந்த கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். டி.வி.யோடு இணைத்துக் கேசட்டைச் செருகினால் மீசைக்கார மாரியோ குதித்து ஓடுவான். 1985-இல் வந்த அந்த விளையாட்டில் மொத்தம் எட்டு உலகங்கள். ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டை. கோட்டைக்குள் நெருப்புக் குழம்பின் மேல் ஒரு பாலம். பாலத்தில் நெருப்பைக் கக்கிக்கொண்டு நிற்பான் பௌசர். முள் ஓடும் கொம்பும் கொண்ட ஆமை ராட்சதன்.

முதல் ஏழு கோட்டைகளில் நிற்பவன் போலி. அவனை வீழ்த்தினாலும் இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகச் செய்தி வரும். எட்டாவதில்தான் உண்மையான பௌசர். அவனைத் தாண்டிக் குதித்து, பாலத்தின் மறுமுனையில் உள்ள கோடரியைத் தொட்டால் பாலம் சரிந்து அவன் நெருப்பில் விழுவான்.

இவனுடைய பூர்வீகமும் சுவையானது. இவனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ முதலில் மனத்தில் வைத்திருந்தது எருது அரசனை. சீனத்தின் 'மேற்கு நோக்கிய பயணம்' கதையில் குரங்கு வீரனோடு மோதும் அரக்கன் அவன். வரையும்போது ஆமை போலத் தெரிகிறதே என்று உடன் பணியாற்றியவர் சொல்ல, ஆமையாகவே ஆகிவிட்டான். எருது அரக்கன் என்றதும் நமக்கு மகிடாசுரன் நினைவு வராமல் போகுமா? மாமல்லபுரத்துக் குகையில் பல்லவச் சிற்பிகள் துர்க்கைக்கு எதிரே அவனை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள். காலடியில் நசுங்கிக் கிடக்கவில்லை. கையில் கதையோடு ஆஜானுபாகுவாக நிற்கிறான். எதிரியைச் சிறியவனாகக் காட்டினால் வெற்றியும் சிறுத்துப்போகும் என்று அந்தச் சிற்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பேரன் கேட்ட கேள்வி

"உன் அசுரனை விடப் பெரிய அசுரன் எங்கிட்ட இருக்கான்" என்று பேரனிடம் சொன்னேன். கருவியைக் கீழே வைத்தான்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குப் பக்கம். சிறுவயதில் கடற்கரை மணலில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சூரசம்ஹாரம் பார்த்தவன் நான். முதலில் யானை முகத்தோடு தாரகன், பிறகு சிங்கமுகன், பிறகு சூரபத்மன், கடைசியில் மாமரம் என்று தலை மாறி மாறி வரும். "இதுதான் தாத்தா ஃபேஸ் டூ, ஃபேஸ் த்ரீ!" என்று துள்ளினான் பேரன். பாஸ் ஒவ்வொரு முறை அடிபட்டதும் உருவம் மாறுவதை அப்படித்தான் சொல்வார்களாம். கச்சியப்ப சிவாசாரியாருக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

கதை வீரவாகு தேவரிடம் வந்தது. சூரனோடு போர் தொடுக்கும் முன் முருகன் அவரைத் தூதாக வீரமகேந்திரபுரத்துக்கு அனுப்புகிறார். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு, போர் வேண்டாம் என்பதே செய்தி.

"சூரன் கேட்டானா?"

"கேக்கலை."

"கேக்க மாட்டான்னு முருகருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு தாத்தா தூது அனுப்பணும்? டைரக்டா ஃபைட் பண்ண வேண்டியதுதானே?"

பத்து வயதுப் பிள்ளையின் கேள்வி. புராணத்திலிருந்து பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை அன்று அவனிடம் சொன்னேன்.

1993, ஜனவரி

அப்போது மாஹிம் ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு சாலில் குடியிருந்தோம். எதிர் அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் தோல் வியாபாரம்; தாராவிக்குத் தினமும் போய் வருவார். சாமுராய் பெட்டி அவர்கள் வீட்டில்தான் இருந்தது. என் மகனுக்கும் அவர்கள் பையனுக்கும் ஒரே வயது. பள்ளி விட்டு வந்தால் இருவரும் அங்கேதான் கிடப்பார்கள். எட்டாவது உலகம் வரை வந்துவிட்டார்கள். கடைசிக் கோட்டை மட்டும் பிடிபடவில்லை.

1992 டிசம்பரில் கலவரம் மூண்டது. சற்று அடங்கி, ஜனவரியில் மறுபடி வெடித்தது. மாஹிமும் தாராவியும் தப்பவில்லை. ஊரடங்கு உத்தரவு. இரவெல்லாம் கூச்சல். தெருவுக்கு ஒரு வதந்தி. சாலில் நேற்று வரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஒரு நாள் மாலை என் மகன், "அங்கே போய் விளையாடிட்டு வரட்டுமாப்பா?" என்று கேட்டான். பயத்தில் இருந்த நான், "அவங்கள்லாம் அசுரக் கூட்டம். அந்தப் பக்கமே போகக் கூடாது" என்று கத்தினேன். நடுவே இருந்தது நான்கடி நடை. இரண்டு மரக்கதவுகள். எதிர் அறையில் கேட்காமல் இருந்திருக்காது.

மறுநாள் அதிகாலை கதவு தட்டப்பட்டது. என் மனைவி திறக்க வேண்டாம் என்று சைகை செய்தாள். மறுபடியும் தட்டல், மிக மெதுவாக. திறந்தேன். அவர் நின்றிருந்தார். பின்னால் பர்தாவில் அவர் மனைவி, தூக்கக் கலக்கத்தில் பையன், இரண்டு மூட்டைகள். கையில் துணியில் சுற்றிய சாமுராய் பெட்டி.

உறவினர் வீட்டுக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாது, இதை உங்கள் பையனிடம் கொடுத்து வையுங்கள் என்று இந்தியில் சொன்னார். கூடவே அறைச் சாவியையும் என் கையில் வைத்தார். முந்தின நாள் நான் சொன்னதைக் கேட்டாரா என்று அவர் கண்களில் தேடினேன். எதுவும் தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

மூன்று மாதம் அந்தப் பெட்டி எங்கள் பீரோ மேல் இருந்தது. இடையில் மார்ச் 12 வந்தது. நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. எங்கள் மாஹிம் மீனவர் குடியிருப்பையும் அது விடவில்லை. என் மகன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. "நீ ஆடேன்டா" என்று நானே ஒருமுறை சொன்னேன். "அவன் வரட்டும்பா" என்றான்.

ஏப்ரலில் அவர்கள் திரும்பி வந்தார்கள். சாவியைக் கொடுத்தேன். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். குடித்தார். அன்று பிற்பகல் பையன்கள் இருவரும் எட்டாவது கோட்டைக்குள் புகுந்தார்கள். பாலம் சரிந்தபோது எழுந்த கூச்சல் சால் முழுவதும் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் சாலில் எழுந்த சந்தோஷக் கூச்சல் அது.

அந்த ஆண்டுகளில்தான் நம் நகரத்தில் மொஹல்லா கமிட்டிகள் பிறந்தன. எல்லாச் சமயத்தாரும் போலீசாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். தாராவியிலும் அப்படிப் பேசினார்கள். பெரிய பெரிய தூதுகள் அவை. என் வீட்டுக்கு வந்த தூது ஒரு விளையாட்டுப் பெட்டி.

கடைசியில்

பேரன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அசுரன் நீங்கதானா தாத்தா?" என்றான். சமையலறையில் என் மருமகள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நான் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஒரு நாள், ஆமாம்" என்றேன்.

சூரபத்மன் கதையின் முடிவை அப்புறம்தான் சொன்னேன். மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலாயிற்று. மறு பாதி சேவலாயிற்று. மயில் வாகனம், சேவல் கொடி. நம் அசுரன் நெருப்பில் விழுந்து மறைவதில்லை. கோயிலில் கடவுளோடு சேர்ந்து நம்மிடம் கும்பிடும் வாங்கிக்கொள்கிறான். சஷ்டியன்று செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் பேரனை அழைத்துப் போனேன். படியேறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "தாத்தா, அதோ பாஸ்!" என்று மயிலைக் காட்டினான்.

வாசக அன்பர்களே, பிள்ளைகள் வீடியோ கேம் ஆடிக் கெட்டுப்போகிறார்கள் என்று நம் வீடுகளில் தினமும் புலம்புகிறோம். நானும் புலம்பியவன்தான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் அசுரன் பேரு என்னடா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் அசுரனைச் சொல்லட்டும். நம் அசுரனை நாம் சொல்வோம். வேறு எந்த வழியிலும் உள்ளே வராத தமிழ் அந்த வழியில் கொஞ்சம் வரும். சொல்லாமல் விட்ட நம் கதைகளும் சில வெளியே வரும்.

விடுமுறையின் கடைசி நாள் பேரன் மறுபடியும் மஹாபலாசுரனோடு மோதிக்கொண்டிருந்தான். "தூது அனுப்பினியா?" என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "இதுல அதுக்கு பட்டன் இல்லை தாத்தா."